நெப்ராஸ்கா: 9 வெற்றி போதாது என்று சொன்ன அணி

[திரையில்: லிங்கன் நகரத்து மெமோரியல் ஸ்டேடியம், மேலிருந்து. எங்கும் சிவப்பு.]

நெப்ராஸ்கா மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய 20 லட்சம்தான். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீகுகளில் இந்த மாநிலத்துக்கென்று ஓர் அணிகூட இல்லை. இருப்பது பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, கார்ன்ஹஸ்கர்ஸ். (கையில் பந்தோடு ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது.) சொந்த மைதானத்தில் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை 85,000 பேர் வந்து உட்காருவார்கள். அன்றைக்கு ஒமாஹா, லிங்கன் இரண்டுக்கும் அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த மைதானம்தான். 1962 நவம்பரில் தொடங்கி இன்றுவரை ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. இப்படித் தொடர்ந்து அரங்கு நிறைந்த ஆட்டங்கள் 400ஐத் தாண்டிவிட்டன.

இத்தனைக்கும் இந்த அணி கடைசியாகத் தன் லீகில் பட்டம் வென்றது 1999இல்.

நான் இந்த அணியின் பழைய ரசிகன். ஏன் இப்படி ஆனது, இனி எழ முடியுமா என்பதைத்தான் இந்த வீடியோவில் பேசப் போகிறேன்.

[திரையில்: 1984, ஆரஞ்ச் பௌல். கறுப்பு வெள்ளைப் படங்கள்.]

முதலில் ஒரு தோல்வி. 1984 ஜனவரி 2, மயாமி. ஆரஞ்ச் பௌல் ஆட்டம்; பருவம் முடிந்ததும் நல்ல அணிகளுக்கு நடக்கும் சிறப்பு ஆட்டத்தைத்தான் பௌல் என்பார்கள். ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், நாட்டின் முதலிடத்தில் இருந்தபடி வந்த நெப்ராஸ்கா, மயாமி அணியிடம் 31-24 என்று பின்தங்கி நிற்கிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். நான்காவது, கடைசி வாய்ப்பில் ஜெஃப் ஸ்மித் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடி டச்டவுன் போடுகிறார், ஆறு புள்ளி. 31-30. இப்போது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி, ஆட்டம் சமன். அந்தக் காலத்தில் கல்லூரி ஆட்டங்களுக்குக் கூடுதல் நேரம் கிடையாது. சமன் என்றாலே தேசியப் பட்டம் பெரும்பாலும் நெப்ராஸ்காவுக்குத்தான் போயிருக்கும்.

பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் உதைக்கச் சொல்லவில்லை. பந்தை இன்னொரு முறை எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோய் இரண்டு புள்ளி எடுத்து, ஜெயிக்கச் சொன்னார். அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் டர்னர் கில் வலப்பக்கம் ஓடி ஸ்மித்துக்கு எறிகிறார். மயாமியின் கென்னி கால்ஹூனின் விரல் பட்டுப் பந்து விலகுகிறது. அவ்வளவுதான். பட்டம் மயாமிக்கு.

அந்த முடிவுக்காகவே ஆஸ்போர்ன் மீது எனக்குத் தீராத மரியாதை. அதைவிட முக்கியமான ஒன்று: அதற்கு அப்புறம் அவர் தேசியப் பட்டம் வெல்ல 11 பருவங்கள் ஆயின. அதுவரை நெப்ராஸ்கா காத்திருந்தது. 1994, 1995, 1997 என்று மூன்று பட்டங்கள் வந்தன. அவருடைய கடைசி ஐந்து பருவங்களில் 60 வெற்றி, 3 தோல்வி.

[திரையில்: ஆப்ஷன் ஆட்டத்தின் வரைபடம்.]

அந்த அணி எப்படி ஆடியது? ஆப்ஷன் என்ற முறை. குவார்ட்டர்பேக் பந்தோடு பக்கவாட்டில் ஓடுவார். எதிரணியில் ஒரு ஆளை வேண்டுமென்றே தடுக்காமல் விட்டிருப்பார்கள். அந்த ஆள் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால், பந்து பக்கத்தில் ஓடி வருகிறவருக்குப் போகும். வராவிட்டால் குவார்ட்டர்பேக்கே ஓடுவார். இதில் டாமி ஃப்ரேசியர் மாதிரி இன்னொருவரை நான் பார்த்ததில்லை. 1995 பருவத்தின் இறுதியாட்டத்தில், ஃபுளோரிடாவுக்கு எதிராக, பிடிக்க வந்தவர்களை ஒவ்வொருவராக உதறிவிட்டு 75 யார்டு ஓடினாரே, அதை இன்றைக்குப் பார்த்தாலும் சிலிர்க்கும். ஸ்கோர் 62-24.

ஆனால் ஓடுகிறவருக்கு வழி திறப்பது முன்வரிசைத் தடுப்பாளர்கள். அங்கேதான் வாக்-ஆன் வருகிறார்கள். ஸ்காலர்ஷிப் இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு அணியில் சேரும் பையன்கள். சின்னச் சின்ன விவசாய ஊர்களிலிருந்து வருவார்கள். முதல் இரண்டு மூன்று வருஷம் மைதானத்தில் இறங்கவே மாட்டார்கள். எடை தூக்குவார்கள், பயிற்சியில் அடி வாங்குவார்கள். நான்காம், ஐந்தாம் வருஷத்தில் சிலர் முதல் அணிக்கே வந்துவிடுவார்கள். நெப்ராஸ்காவின் பலம் இந்தக் காத்திருப்புதான் என்பது என் எண்ணம்.

[திரையில்: பயிற்சியாளர்களின் பெயர்கள், வருடங்கள்.]

அது உடைந்தது 2003இல். ஆஸ்போர்னுக்கு அடுத்து வந்த ஃப்ராங்க் சோலிச் அந்தப் பருவத்தில் 12 ஆட்டத்தில் 9 ஜெயித்திருந்தார், நீக்கினார்கள். பிறகு வந்த போ பெலினி ஏழு பருவம் பயிற்சியாளராக இருந்தார், ஒரு பருவத்தில்கூட 9 வெற்றிக்குக் குறையவில்லை. அவரையும் 2014இல் நீக்கினார்கள். பெரிய ஆட்டங்களில் அணி மோசமாகத் தோற்றது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பயிற்சியாளர் மாறும்போதும் ஆட்டமுறை மாறும், அதற்கேற்ற ஆட்களைத் திரும்பவும் தேட வேண்டும். 2011இல் பிக் டென் லீகுக்கு மாறியதில் வீரர்களைத் தேட டெக்சாஸ் மாநிலத்தோடு இருந்த தொடர்பும் தளர்ந்தது. 1997இல் குவார்ட்டர்பேக்காகப் பட்டம் வாங்கித் தந்த மண்ணின் மைந்தர் ஸ்காட் ஃப்ராஸ்டே பயிற்சியாளராக வந்தும் 16 வெற்றி, 31 தோல்வி. 2021இல் தோற்ற ஒன்பது ஆட்டமும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில்! அந்தப் பருவத்தைத் திரும்பிப் பார்க்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

சரி, இனி?

இப்போதைய பயிற்சியாளர் மேட் ரூல் 2023இல் ஐந்து ஆட்டம்தான் ஜெயித்தார். 2024இல் ஏழு, அதில் பாஸ்டன் காலேஜுக்கு எதிரான பௌல் வெற்றியும் சேர்த்தி. 2016க்கு அப்புறம் அணி பௌல் ஆட்டத்துக்குப் போனதே அப்போதுதான். ஆனால் அதே பருவத்தில் இண்டியானா நம்மை 56-7 என்று நொறுக்கியது. அதுவரை காலம் காலமாகத் தோல்விக்கே பெயர்போன அணி அது. புதுப் பயிற்சியாளர், வேறு கல்லூரிகளிலிருந்து மாறி வந்த வீரர்கள், ஒரே வருஷத்தில் தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போய்விட்டார்கள். இப்போது வீரர்கள் நினைத்தால் அணி மாறலாம், கல்லூரியே அவர்களுக்குப் பணமும் கொடுக்கலாம். கூடவே 2025இலிருந்து ஓர் அணிக்கு 105 வீரர்கள்தான் என்று வரம்பு. வாக்-ஆன் பையன்களுக்கு இடம் சுருங்கிவிட்டது. இதுதான் எனக்குப் பெரிய கவலை.

நம்பிக்கைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. பிளேஆஃபில் முன்பு நான்கு அணிகள், 2024இலிருந்து 12. பத்து ஆட்டம் ஜெயித்தால் பட்டத்துக்கான கதவு திறக்கலாம். சோலிச்சும் பெலினியும் ஜெயித்துக்கொண்டிருந்த அளவுக்கு அது ரொம்பப் பக்கம். மாறி வரும் வீரர்களை எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் முன்வரிசையை மட்டும் நம் ஊர்ப் பையன்களை வைத்து நாலைந்து வருஷம் வளர்க்கட்டும். ரூலுக்கு 9 வெற்றி வரும் வருஷத்தில் யாரும் அவரை அனுப்பிவிட வேண்டாம்.