இளகிய ஸ்க்ரூவை எம்சிபி கண்டுபிடிக்காது

நேயர்களுக்கு வணக்கம். வீடுகளில் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். போன மாதம் கீசர் மாட்டியிருந்த ஒரு பிளக் பாயிண்ட்டைக் கழற்றினேன். முகப்பில் ஒரே ஒரு துளை மட்டும் பழுப்பேறியிருந்தது. பின்பக்கம் திருப்பினால், கரண்ட் வரும் ஃபேஸ் வயரின் மேலுறை கருகி, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்ததுமே, அந்த வயரை இறுக்கிப் பிடிக்கும் சாக்கெட் முனையின் ஸ்க்ரூ முக்கால் சுற்று தானாகப் போனது. "எம்சிபி இருக்கு, ஆர்சிசிபி இருக்கு, ஒண்ணுகூட விழலையே?" என்று கேட்டார் அந்த வீட்டு அம்மா.

நியாயமான கேள்வி. இரண்டுமே ஆபத்து வந்தால் தானாக விழுந்து கரண்டைத் துண்டிக்கிற ஸ்விட்சுகள். அளவுக்கு மேல் கரண்ட் போனால் எம்சிபி விழும். போன கரண்ட் முழுதாகத் திரும்பாமல் வேறு வழியில் கசிந்தால் ஆர்சிசிபி விழும். லூஸ் கனெக்‌ஷனில் இரண்டுமே நடப்பதில்லை. கீசர் வழக்கம்போல 10 ஆம்பியர்தான் இழுக்கிறது. இளகிய முனையில் அரை ஓம் தடை சேர்ந்தால் போதும், அங்கே 50 வாட் சூடு பிறக்கும். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதைப்போல் இரண்டு மடங்குச் சூடு, மூடிய பெட்டிக்குள்!

அதனால்தான் சாக்கெட் வேலையில் நான் அதிக நேரம் செலவிடுவது ஸ்க்ரூவிடம். முதலில் டெஸ்டர் வேலை செய்கிறதா என்று கரண்ட் உள்ள இடத்தில் பார்த்துவிட்டு, மெயினை அணைத்து, அப்புறம் அதே டெஸ்டரை இந்த முனைகளில் வைத்துக் கரண்ட் இல்லை என்று பார்ப்பேன். வயரின் மேலுறையைச் சீவும்போது செம்பில் கத்தி படக்கூடாது. வெட்டுப்பட்ட இழை பின்னால் ஒடியும். முனையின் துளை பெரிதாக, வயர் மெலிதாக இருந்தால் வயரின் நுனியை இரண்டாக மடித்துச் செருகலாம். மேலுறை ஸ்க்ரூவுக்கு அடியில் சிக்கக்கூடாது, செம்பும் வெளியே தெரியக்கூடாது. பல இழை வயரின் நுனியில் சிலர் ஈயம் பூசுவார்கள். செய்யாதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, இறுக்கிய ஸ்க்ரூ இளகிவிடும். முறுக்கியதும் ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் நல்லது, இப்போதே தெரிந்துவிட்டதே!

ஒரு பாயிண்ட்டிலிருந்து அடுத்ததற்கு லூப் எடுக்கும்போது இரண்டு வயரையும் ஒரே ஸ்க்ரூவில் திணிப்பது வழக்கம். அப்படிச் செய்தால் அடுத்த பாயிண்ட்டுகளின் சுமையையும் அந்த ஸ்க்ரூதான் தாங்க வேண்டும். வருகிற வயர், போகிற வயர், ஒரு சிறு துண்டு வயர், மூன்றையும் தனிக் கனெக்டரில் சேர்த்து, துண்டை மட்டும் சாக்கெட்டுக்குக் கொடுப்பதே என் பழக்கம்.

எர்த் வயர் இல்லாத இடத்தில், கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயர் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறும். எங்கோ நியூட்ரல் அறுந்தால், கருவிக்குள் போன ஃபேஸ் அந்தத் துண்டு வழியாக அதன் இரும்பு உடம்புக்கே வந்துவிடும். தொட்டவர் கதி என்ன? எர்த் இல்லையென்றால் எர்த் இழுத்தே ஆக வேண்டும். அதைப் பெட்டிக்குள் மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விடுங்கள். சாக்கெட் பிய்ந்து வந்தாலும் கடைசியாக விடுபடுவது அதுவாக இருக்கும்.

இந்த வேலை பழகாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். அவர் போன பிறகு கீசரை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி அதன் பின்களைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கிற அளவு சூடு என்றால், அன்றைக்கே அவரைத் திரும்பக் கூப்பிட்டு பாயிண்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள்.