வாய்க்கால் கரையும் கணவாய்க் காற்றும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கொங்கு நாட்டில் மிதிவண்டியிலேயே நான்கைந்து நாள் சுற்றிவர விரும்புகிறவர்கள், எந்தச் சாலை நன்றாக இருக்கும் என்றுதான் என்னிடம் முதலில் கேட்பார்கள். எந்த மாதம் புறப்படுகிறீர்கள் என்று நான் அவர்களைத் திருப்பிக் கேட்பேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் மிதித்துத் திரிந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொண்டு வழியை வகுத்தவருக்குக் கால் வலிக்காது, சாலை வரைபடத்தை மட்டும் நம்பிப் புறப்பட்டவர் இரண்டாம் நாளே பேருந்து ஏறிவிடுவார்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டுவித்த வாய்க்கால், பவானி ஆறு காவிரியோடு கூடுவதற்குச் சற்று முன்னால் உள்ள அணையில் பிரிந்து, ஈரோட்டைத் தொட்டுக்கொண்டு, காவிரிக்கு இணையாகத் தெற்கே இறங்கி, கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையார்பாறையில் நொய்யலைச் சேருகிறது. ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நேராக வெட்டியிருந்தால் வெகுவாகக் குறைந்திருக்கும்; ஆனால் மேட்டையும் பள்ளத்தையும் ஒதுக்கி, தண்ணீர் தானாக ஓடும் அளவுக்கு மட்டும் சரிவு விட்டு வெட்டியதால் அது வளைந்து வளைந்து போகிறது. பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழி காட்டிற்று என்று ஊரில் கதை சொல்வார்கள். அந்தக் கரைமேல் வண்டி ஓட்டிப் பார்த்தவருக்கு அந்தக் கதை பொய்யென்று தோன்றாது. மூச்சு வாங்க வைக்கும் மேடு ஒன்றுகூட இல்லாத இப்படி ஒரு நெடுவழியைக் கொங்கு நாட்டுச் சாலை எதிலும் நான் கண்டதில்லை. கியர் இல்லாத வண்டி போதும்; பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டி வீட்டில் சும்மா நின்றால் அதையே எண்ணெய் விட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ஈரோட்டை ஒட்டிய சில கிலோமீட்டர் மனத்தை வருத்தும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாயமும் தோல் கழிவும் கலந்த வாடை அங்கே மூக்கைத் துளைக்கும்; அந்தப் பகுதியைச் சாலை வழியாகக் கடந்துவிட்டு மொடக்குறிச்சிப் பக்கம் மீண்டும் கரை ஏறுவது நல்லது. அங்கிருந்து இரு பக்கமும் மஞ்சள், கரும்பு, வாழை, நெல் என்று மாறி மாறி வரும். ஒரு மாசி மாதத்தில், களத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்த இடத்தில் தண்ணீர் கேட்டு நின்றேன். கொப்பரையிலிருந்து எழுந்த ஆவி, மண்வாசமும் மருந்துவாசமும் சேர்ந்த ஒரு நெடியோடு முகத்தில் வந்து மோதியது. "ஏனுங்க, இந்த வெயில்ல சைக்கிள்ல எங்கீங்க போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெரியவர் தண்ணீருக்குப் பதிலாக ஒரு சொம்பு மோர் கொடுத்தார். கொடுமுடி என்றேன். "அப்ப வாய்க்காலை விட்டு எறங்காதீங்க, அது கொண்டுபோயி விட்டுரும்" என்றார். அன்று போட்டிருந்த சட்டையிலிருந்து மஞ்சள் வாசம் போக மூன்று முறை துவைக்க வேண்டியிருந்தது.

இதே பகுதியில் மேட்டுப்பாங்காக இன்னொரு வாய்க்கால் போகிறது. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் அது. நீளம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மேலே கீழ்பவானி, கீழே காலிங்கராயன் என்று இரண்டும் ஓட, நடுவில் உள்ள சரிவு முழுவதும் ஓடைகள். கொங்கில் ஓடையைப் பள்ளம் என்போம். ஈரோட்டுப் பெரும்பள்ளம், கோபி பக்கம் குண்டேரிப்பள்ளம், அந்தியூர் வரட்டுப்பள்ளம் என்று பெயரைக் கேட்டாலே நிலத்தின் அமைப்பு விளங்கிவிடும். ஆகஸ்ட் மாத நடுவில் கீழ்பவானியில் தண்ணீர் திறந்துவிட்டால், வயலில் பாய்ந்ததும் கரையில் கசிந்ததுமான நீர் இந்தச் சரிவின் பள்ளங்களில் இறங்கி, மழை பெய்யாத நாளிலும் சலசலவென்று ஓடும். ஆகவே புரட்டாசியிலிருந்து மார்கழி வரை இந்தப் பக்கம் போகிறவர், ஒரு நாளில் பத்துப் பதினைந்து இடங்களில் தரைப்பாலத்தின் மேல் ஓடும் தண்ணீரைக் கடக்க நேரும். கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று மிதித்துக்கொண்டே போகக் கூடாது. பாலத்துக் கான்கிரீட்டில் படிந்திருக்கும் பாசி பார்வைக்குத் தெரியாது. முன் சக்கரம் ஒரு விரற்கடை விலகினால் போதும், ஆளும் வண்டியும் பள்ளத்தில் கிடப்பார்கள். இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதே முறை.

காங்கயம், தாராபுரம் பக்கம் போனால் இட்டேரிகள் உண்டு. இரு பக்கமும் கிளுவை வேலியும் கள்ளியும் அடர்ந்து நிற்க, நடுவில் மணல் படிந்து கிடக்கும் பழைய வண்டித்தடம் அது. நிழலும் குயில் சத்தமுமாக மனத்தை அள்ளும். வெள்வேல முள்ளும் அங்கேதான் உதிர்ந்து கிடக்கும். மாற்று டியூப் இரண்டு இல்லாமல் இட்டேரிக்குள் நுழையாதீர்கள்.

மலைகளுக்கு வருகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40, காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 என்று வளைவுகளை எண்ணிச் சொல்வது நம்மவர்களின் வழக்கம். மிதிக்கிறவருக்கு வளைவின் எண்ணிக்கையைவிடச் சரிவின் அளவே முக்கியம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறோம். அதாவது ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சராசரியாக நாலரை மீட்டர். முன்பக்கத்துச் சிறிய பல்சக்கரத்தில் செயினைப் போட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே ஏறும் வேகத்தில் மிதித்தால், விடியலில் புறப்பட்டவர் மதிய உணவுக்குக் கோத்தகிரி போய்விடலாம்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் எனக்கு அச்சம் அதிகம். கொல்லிமலையிலிருந்து ஒருமுறை பின் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வழியில் பட்டென்று வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். பின் சக்கரம் தரையோடு ஒட்டிப்போயிற்று. ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லைத் தொட்டதுபோல விரல் சுட்டது. டியூபில் முன்பு போட்டிருந்த பஞ்சர் ஒட்டு, பசை உருகிக் கழன்று வந்திருந்தது. அன்றிலிருந்து மலை இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றி, விட்டு விட்டுப் பிடிக்கிறேன். ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆறவிடுகிறேன்.

திம்பம் மலைப்பாதையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 27 வளைவுகள் கொண்ட அழகான வழிதான். ஆனால் அது புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. மிதிவண்டியின் நல்ல குணம் அது சத்தமின்றிப் போவது. காட்டில் அதுவே ஆபத்து. நாம் வருவது யானைக்குத் தெரியாது, வளைவுக்கு அப்பால் யானை நிற்பது நமக்கும் தெரியாது. நான் அந்த வழியில் மிதிவண்டியில் போவதில்லை, யாரையும் போகச் சொல்வதுமில்லை.

இனிக் கடற்கரை. கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை என்பார்கள். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய்தான் நம்முடைய கடல் வாசல். மேற்குக் கரையின் முசிறித் துறையில் இறங்கிய ரோம நாட்டுச் சரக்கு இந்த வழியாகத்தான் நொய்யல் கரைக்கு வந்தது. வெள்ளலூரில் ரோமக் காசுகள் கிடைத்ததற்கும் காரணம் இந்தச் சமவழிதான். பார வண்டி இழுத்த மாட்டுக்கு எது உகந்ததோ, அது நம் காலுக்கும் உகந்தது.

காற்றும் இந்த வாசல் வழியேதான் வந்துபோகிறது. ஆனி முதல் ஆவணி முடிய மேற்கிலிருந்து அடிக்கும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். அந்த மாதங்களில் கோவையிலிருந்து கரூரை நோக்கிப் புறப்பட்டால், முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும். எதிர்த்திசையில் வந்தவர் இறக்கத்தில்கூட மிதித்தாக வேண்டும். கார்த்திகை, மார்கழியில் காற்று திரும்பிவிடும். விருச்சிகக் காற்று என்று பாலக்காட்டுக்காரர்கள் சொல்லும் அந்தக் கீழைக்காற்றுதான் நம்மைக் கடலுக்குக் கொண்டுபோகும் காற்று.

மார்கழியில் பொள்ளாச்சியிலிருந்து புறப்படுங்கள். நொய்யல் கிழக்கே ஓடிக் காவிரியில் கலக்க, பக்கத்திலேயே உள்ள ஆழியாறு மேற்கே திரும்பிச் சித்தூர்ப் புழையாகிப் பாரதப்புழையில் சேருகிறது. கோபாலபுரம் எல்லையைத் தாண்டிச் சித்தூர் வரை பனைமரங்களும் தமிழ்ப் பேச்சும் கூடவே வரும். பாலக்காட்டுக்குப் பிறகு ஒற்றப்பாலம், ஷொரணூர், பட்டாம்பி, குற்றிப்புரம் என்று ஆற்றை விடாமல் போனால் பொன்னானி. மொத்தம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், 300 மீட்டர் இறக்கம். அவ்வளவு தூரத்துக்கு அது பரவிக் கிடப்பதால் இறங்குகிறோம் என்பதே தெரியாது. இரண்டு நாளில் நிதானமாகப் போகலாம். முதல் இரவை ஒற்றப்பாலத்தில் கழித்துவிடுங்கள்.

பொன்னானி முகத்துவாரத்தில் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், ஒரு பக்கம் நன்னீர் பழுப்பாகவும் மறுபக்கம் உப்புநீர் பச்சையாகவும் ஒரு கோடு கிழித்ததுபோலத் தெரிந்த நாள் ஒன்று உண்டு. ஆழியாற்றில் நான் குளித்த தண்ணீர்தானே இது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு வாங்கி, செயினிலும் ரிம்மிலும் ஒட்டியிருந்த உப்பைக் கழுவினேன். திரும்பும்போது எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டாம். ஷொரணூர் சந்திப்பில் வண்டியைப் பார்சலில் பதிவு செய்துவிட்டுக் கோவைக்கு ரயில் ஏறிவிடலாம். 

நன்றி, வணக்கம்.