ரிலே புத்தகத்தை எங்கே திறந்து பார்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் எங்கோ இரண்டு வயர் ஒட்டிக்கொண்டால் போர்டில் சுவிட்ச் டப்பென்று விழுகிறது இல்லையா? பெரிய மின்தடங்களில் அந்த வேலையைத் தொடங்கிவைப்பது ரிலே. கரண்டையும் வோல்டேஜையும் கவனித்துக்கொண்டே இருக்கும். பழுது என்று பட்டால், தடத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்சான பிரேக்கரைத் திறக்கச் சொல்லும். இதைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள் உண்டு. எதை வாங்கலாம் என்று இளம் பொறியாளர்கள் கேட்பார்கள். நான் முதலில் புரட்டிப் பார்ப்பது ஒன்றைத்தான். ரிலே எப்போது இயங்கக் கூடாது என்பதற்கு அந்தப் புத்தகம் எவ்வளவு இடம் தருகிறது?

காரணம் சொல்கிறேன். 1965 நவம்பர் 9, மாலை நேரம். கனடாவின் ஒன்டாரியோவில் சர் ஆடம் பெக் நீர்மின் நிலையத்திலிருந்து டொரண்டோ பக்கம் ஐந்து 230 கிலோவோல்ட் தடங்கள். அதில் ஒன்றின் பேக்கப் ரிலேக்கு, அதாவது முதல் ரிலே தவறினால் கைகொடுக்க வைத்த ரிலேக்கு, வைத்திருந்த செட்டிங், அந்தத் தடம் தாங்கக்கூடிய லோடைவிட மிகக் குறைவு. குளிர்காலத் தேவை ஏற ஏற, லோடு அந்த அளவைத் தொட்டது. தடம் டிரிப் ஆனது. அது சுமந்ததெல்லாம் மற்ற நான்கின் மேல் விழ, சில நொடிகளில் அவையும் போயின. வடக்கே போக வழியில்லாத மின்சாரம் அமெரிக்கப் பக்கம் திரும்பிப் பாய்ந்தது. நியூயார்க் நகரம் உட்பட சுமார் 3 கோடிப் பேர் இருட்டில். கம்பி எதுவும் அறுந்து விழவில்லை, நேயர்களே. ரிலேயும் கெட்டுப்போகவில்லை. வைத்த செட்டிங்படியே வேலை செய்தது!

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. தூரம் பார்க்கும் ரிலே என்று ஒன்று உண்டு. வோல்டேஜைக் கரண்டால் வகுத்துப் பார்க்கும். விடை சிறிதாக இருந்தால் பழுது பக்கத்தில் என்று பொருள். லோடு அளவுக்கு மீறி, வோல்டேஜும் சரிந்தால்? பழுதே இல்லாமல் விடை சிறுத்துவிடும். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹையோவில் நடந்தது அதுதான். 2012 ஜூலை 30 அன்று பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடத்திலும் அதுவே. நம் வட மாநிலங்கள் முழுக்க மின்சாரம் போனது. மறுபடியும் சொல்கிறேன், இயங்கக் கூடாத நேரம் எது என்று பேசாத புத்தகம் பாதிப் புத்தகம்தான்.

அதனால் பதிப்பு ஆண்டை மட்டும் பார்த்து ஒதுக்காதீர்கள். ரஸ்ஸல் மேசன் 1956-இல் எழுதியது சுழலும் தட்டு ரிலே காலத்துப் புத்தகம். இன்றைய டிஜிட்டல் ரிலே அதில் இருக்காது. ஆனால் ஒரு ரிலே தவறினால் அடுத்தது எப்படித் தாங்க வேண்டும் என்ற யோசனை இன்றும் செல்லும். புதிய புத்தகங்கள் சிலவற்றில் மெனு, மென்பொருள் என்று பக்கங்கள் நிறைகின்றன. இந்த யோசனை நாலு வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு அது வருத்தம்.

அப்புறம் தடத்தின் பெரிய கரண்டை ரிலே தாங்கும் அளவுக்குச் சிறிதாக்கித் தரும் கரண்ட் டிரான்ஸ்பார்மர் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சுருக்கமாக: பெரிய பழுதில் அதன் இரும்பு உள்ளகம் செறிவடைந்துவிடும், அதாவது அதற்குமேல் காந்தமேற முடியாத நிலைக்குப் போய்விடும், ரிலேக்குப் போகும் கரண்ட் உருக்குலைந்துவிடும். அதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறதா, எண்களோடு கடைசி வரை போட்டுக் காட்டிய கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். உற்பத்தியாளர்களின் கையேடுகளிலும் இந்தப் பகுதி நன்றாக இருப்பதுண்டு, அவற்றையும் புரட்டுங்கள். வணக்கம்.