திடல் யாருடையது?

(டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பள்ளி நிர்வாகக் குழுவினரே, தாய்மார்களே, பெரியோர்களே, விளையாட்டுச் சட்டையைக்கூட மாற்றாமல் பின்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

நம்மவர்களின் கால்பந்து வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் பழைய புகைப்படங்கள் வெளியே வரும். கைகட்டி இரண்டு வரிசையாக நிற்கும் அணி, நடுவில் கோப்பை, ஓரத்தில் கோட்டு அணிந்த செயலாளர். அப்படிப்பட்ட ஒரு படத்தில் என் பெரியப்பாவும் நிற்கிறார். எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனாலும் அந்தத் தலைமுறை செய்த மிகப் பெரிய காரியத்தை எந்தக் கோப்பையிலும் தேட முடியாது. இந்தியர் கால்பந்து என்று அரை நூற்றாண்டுக் காலம் கைக்காசு போட்டு வளர்த்த அமைப்பைத் தாங்களே கலைத்துவிட்டு, எல்லா நிறத்தாரும் ஒரே திடலில் ஆடட்டும் என்று புறப்பட்டார்களே, அதற்குத்தான் நாம் தலைவணங்க வேண்டும். இன்று என் பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்.

1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் நம் முன்னோர்களைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்து இறக்கியது. அதே காலத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களும் குடியேறிகளும் டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தார்கள். நம்மவர்கள் அதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1903இல் தென்னாப்பிரிக்க இந்தியர் கால்பந்துச் சங்கம் உருவாயிற்று. கிம்பர்லியைச் சேர்ந்த சாம் சைனா என்ற இந்திய வணிகர் ஒரு கோப்பையை வழங்கினார். மாகாணத்துக்கு மாகாணம் மோதிய அந்தச் சாம் சைனா கோப்பைப் போட்டிகள் பல தலைமுறைகளுக்குத் திருவிழாவாக இருந்தன. காந்தியடிகள் கால்பந்து அணியினரோடு நிற்கும் படத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சத்தியாக்கிரகிகள் தங்களுக்கென்று அணி அமைத்து ஆடிய காலம் அது.

சங்கம் இருந்தது, கோப்பை இருந்தது. ஆடத் திடல் எங்கே? நல்ல புல்தரைகள் எல்லாம் வெள்ளையர் கையில். சோம்ட்சூ சாலையில் மேகசின் பாரக்ஸ் என்று ஒரு குடியிருப்பு இருந்ததை இங்கே உள்ள பெரியவர்கள் அறிவார்கள். மாநகராட்சியின் துப்புரவுப் பணியாளர்களும் சாலைப் பணியாளர்களும், பெரும்பாலும் தமிழரும் தெலுங்கரும், ஒற்றை அறைகளில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்த இடம். நகரின் தோட்டங்களையும் திடல்களையும் பெருக்கிச் செப்பனிட்டவர்கள் அவர்கள். அதே திடல்களில் அவர்களுடைய பிள்ளைகள் கால் வைக்க முடியாது. பாரக்ஸின் இரு வரிசை வீடுகளுக்கு நடுவே இருந்த மண்தரையில்தான் அவர்கள் பந்தாடினார்கள்.

நம்மவருக்குக் கிடைத்த பெரிய திடல் கரிஸ் ஃபௌண்டன். ஊற்றுநீர் சுரந்த அந்தப் பள்ளத்தை இந்திய விளையாட்டு அமைப்புகள் கேட்டுப் பெற்றுத் திடலாக்கின. ஞாயிற்றுக்கிழமை ஆட்டமென்றால் காலையிலேயே கூட்டம் கூடிவிடும். பெரிய கழகங்களுக்கு முன்னால் சிறுவர் ஆட்டம், பிறகு இரண்டாம் நிலை அணிகள், மாலையில்தான் முதன்மை ஆட்டம். ஒரு கையில் வேர்க்கடலைப் பொட்டலம், மறுகையில் குடை; மர பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் மேட்டில் நிற்பார்கள். அதே இடத்தில் மே தினக் கூட்டங்களும் அரசியல் கூட்டங்களும் நடந்தன. 1974 செப்டம்பர் 25 அன்று மொசாம்பிக்கின் விடுதலை இயக்கத்துக்கு ஆதரவாக அங்கே கூடிய இளைஞர்களைப் போலீஸ் நாய்களை ஏவி விரட்டியது. பந்து உருண்ட மண்ணில்தான் மக்கள் தங்கள் உரிமையையும் பேசினார்கள். வேறு இடம் அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்?

இனி நான் சொல்லப்போவதைப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே பெருங்கலவரம் மூண்டது. 142 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. அவர்களில் 87 பேர் ஆப்பிரிக்கர், 50 பேர் இந்தியர். டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தப் புகை நெஞ்சில் தங்கியிருந்த குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1951இல், ஆப்பிரிக்கர் சங்கமும் கலப்பினத்தவர் சங்கமும் இந்தியர் சங்கமும் ஒன்றுகூடித் தென்னாப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கின. இரண்டு ஆண்டுகள்தான்! ஒருவரையொருவர் கண்டு கதவைத் தாழிட்டுக்கொண்ட ஊரில், ஒரே மேசையில் உட்கார்ந்து ஆட்ட அட்டவணை போட்டார்கள். டர்பனைச் சேர்ந்த வழக்கறிஞர் ஜார்ஜ் சிங் அந்தப் பணியில் முன்னின்றவர். பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ஆல்பர்ட் லுத்துலி, அதற்கும் முன்பே டர்பன் ஆப்பிரிக்கர் கால்பந்து நிர்வாகத்தில் உழைத்தவர். பந்தைச் சுற்றித்தான் இந்த மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள்.

தொடக்கத்தில் அந்தக் கூட்டமைப்புக்குள்ளும் இன வாரியான பிரிவுகள் இருந்தன. இந்திய அணி, ஆப்பிரிக்க அணி, கலப்பின அணி என்று தனித்தனியாக அமைத்து மோதினார்கள். ‘வெள்ளையன் போட்ட கோட்டின்மேல் நாமே சுண்ணாம்பு பூசுகிறோமே’ என்ற உறுத்தல் வந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். நம் சங்கத்தில் பதவியில் இருந்தவர்களுக்கு அது எளிதாக இருந்திருக்குமா? தலைவர் நாற்காலி போகும், தந்தையார் பெயரால் வைத்த கேடயம் போகும், எண்ணிக்கையில் பெரிய சமூகத்தோடு சேர்ந்தால் நம் குரல் கரைந்துவிடும் என்ற அச்சமும் இருக்கும். இருந்தும் செய்தார்கள்.

உலக அரங்கிலும் இதே சண்டை நடந்தது. 1957இல் எகிப்து, சூடான், எத்தியோப்பியா ஆகியவற்றோடு ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கிய நான்கு நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. கலப்பு அணியை அனுப்ப மாட்டோம், முழுக்க வெள்ளை அணியோ முழுக்கக் கறுப்பு அணியோதான் வரும் என்று வெள்ளையர் சங்கம் அடம்பிடித்தது. கார்ட்டூமில் நடந்த முதல் ஆப்பிரிக்கக் கோப்பையில் மற்ற மூன்று நாடுகள் மட்டுமே ஆடின. நாட்டின் பெரும்பான்மை ஆட்டக்காரர்களைக் கொண்ட நம் கூட்டமைப்பு ஃபிஃபாவின் கதவைத் தட்டியபோது அது திறக்கவில்லை. வெள்ளையர் சங்கத்தை 1961இல் இடைநீக்கம் செய்த ஃபிஃபா, தலைவர் ஸ்டான்லி ரவுஸ் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனபின் 1963இல் அந்தத் தடையை நீக்கியது. 1966 உலகக் கோப்பைக்கு வெள்ளை அணி, 1970க்குக் கறுப்பு அணி என்று ஒரு திட்டத்தைக்கூட அந்தச் சங்கம் முன்வைத்தது. நாட்டையே இரண்டாக வெட்டி முறை வைத்து அனுப்புவார்களாம்! 1964இல் டோக்கியோ மாநாட்டில் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் வாக்கு வலிமையால் மீண்டும் தடை வந்தது. 1976இல் மாண்ட்ரியலில் முழுமையாகவே வெளியேற்றினார்கள்.

உள்ளூரில் அரசு கையில் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? திடலின் சாவி. 1961இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க சாக்கர் லீக், நிறம் பாராத தொழில்முறைப் போட்டி. டர்பனிலிருந்து அவலான் அத்லெடிக், ஏசஸ் யுனைடெட் போன்ற அணிகள் ஆடின. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மொரோகா ஸ்வாலோஸ் வந்தது. கூட்டம் அலைமோதியது. அந்த லீகைச் சட்டம் போட்டுத் தடைசெய்ய வேண்டிய தேவையே அரசுக்கு இருக்கவில்லை. நகராட்சித் திடல்களைக் கொடுக்காதே என்று சொன்னார்கள், அவ்வளவுதான். ஆட இடமில்லாமல் 1966இல் லீக் முடங்கியது. ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற குழுப் பகுதிகள் சட்டம் ஒருபக்கம் வீடுகளை இடித்தது. மேகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர், மேவில் என்று அடுத்தடுத்த தெருக்களில் வளர்ந்த ஓர் அணியின் பதினொரு பேரும் இந்தச் சாட்ஸ்வொர்த்தின் வெவ்வேறு மூலைகளில் கொண்டுவந்து கொட்டப்பட்டார்கள். ஒரு கழகத்தைக் கொல்ல அதைவிட வேறென்ன வேண்டும்?

அதன் பிறகும் விடவில்லை. 1969இல் கூட்டமைப்பின் தொழில்முறை லீக்கைத் தொடங்கினார்கள். பெரியா, மேனிங் ரேஞ்சர்ஸ், வெருலம் சபர்ப்ஸ் முதலிய அணிகள் அதில்தான் புகழ்பெற்றன. 1973இல் சாகோஸ் எனப்பட்ட தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றம் உருவாயிற்று. ‘இயல்பற்ற சமுதாயத்தில் இயல்பான விளையாட்டு இல்லை’ என்பது அதன் முழக்கம். அதன் பொதுச்செயலாளராக இருந்த எம். என். பாத்தர் நம்மவர். நிறவெறி அரசிடம் அனுமதிச் சீட்டு வாங்கி ஆடுகிறவர் எங்களோடு ஆட முடியாது என்று அவர்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள். இந்தக் கண்டிப்பை இன்றும் குறை சொல்கிறவர்கள் உண்டு. 1970களின் இறுதியில் கலப்பு லீக் வந்தபோது, பணமும் பெரிய அரங்கமும் அங்கே இருந்தன. திறமையுள்ள பையன்கள் பலர் போனார்கள். போனவர்களை நான் பழிக்கமாட்டேன். அவர்களுக்கும் குடும்பம் இருந்தது. போகாமல் நின்றவர்களைத்தான் நினைக்க நினைக்க நெஞ்சு கனக்கிறது. நாட்டின் சட்டையை ஒருநாளும் அணியாமல், வெளிநாட்டுத் திடல் ஒன்றைக்கூடப் பார்க்காமல், முப்பத்தைந்து வயதில் காலணியைக் கழற்றி வைத்தார்கள். அவர்கள் நின்றது சரி என்பதே என் துணிபு. அந்த அழுத்தம் இல்லாமல் இந்த நாட்டின் விளையாட்டு மாறியிருக்காது.

1991இல் எல்லா இனத்தாருக்குமான ஒரே தென்னாப்பிரிக்கக் கால்பந்துச் சங்கமாகச் சாஃபா பிறந்தது. 1992 ஜூலை 7 அன்று, வேறெங்கும் அல்ல, நம் டர்பனின் கிங்ஸ் பார்க்கில், கேமரூனுக்கு எதிராகப் புதிய தேசிய அணி ஆடியது. டாக்டர் குமாலோ பெனால்டியில் ஒரு கோல் போட்டார், 1-0. சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2010 ஜூலை 7 அன்று, அதே கிங்ஸ் பார்க் வட்டாரத்தில் எழுந்த மோசஸ் மபிடா அரங்கில் ஸ்பெயின் ஜெர்மனியை உலகக் கோப்பை அரையிறுதியில் வென்றது.

நடுவில் நமக்கும் ஒரு பொன்னான ஆண்டு வந்தது. புதிய பிரீமியர் சாக்கர் லீகின் முதல் பட்டத்தை, 1996-97இல், வென்றது எது? ஜோகன்னஸ்பர்க்கின் பெரிய கழகங்களான கைசர் சீஃப்ஸா, பைரட்ஸா? இல்லை, 1928இல் டர்பனில் தொடங்கிய மேனிங் ரேஞ்சர்ஸ். கோர்டன் இகெசுண்ட் பயிற்சி அளித்த அந்த அணியில் எல்லா நிறத்தாரும் இருந்தார்கள். கைதட்டியவர்களிலும் எல்லா நிறத்தாரும் இருந்தார்கள். பத்தே ஆண்டில் அந்தக் கழகம் கடனில் மூழ்கியது. 2006இல் லீகில் அதற்கிருந்த இடத்தை ஒரு நிதி நிறுவனம் வாங்கிக் கேப் டவுனுக்குக் கொண்டுபோய்ப் பெயரையும் மாற்றியது. இந்த நாட்டில் லீக் இடத்தைக் கடைச்சரக்குப் போல விற்கலாம். 1921இல் பிறந்த ஜோகன்னஸ்பர்க்கின் விட்ஸ் கழகம் 2020இல் விற்கப்பட்டது. மறு ஆண்டே புளூம்ஃபொன்டெய்ன் செல்டிக். ரசிகர்களிடம் யார் கேட்டார்கள்? அரசு பூட்டிய திடலை எதிர்த்துப் போராடத் தெரிந்த நமக்கு, பணம் தூக்கிக்கொண்டு போகும் கழகத்தை எப்படித் தடுப்பது என்று இன்னும் தெரியவில்லை. உறுப்பினர்களே கழகத்தின் உரிமையாளர்களாக இருக்கும் முறை ஜெர்மனியில் இருக்கிறது. இங்கும் அதைக் கேட்கும் காலம் வந்துவிட்டது.

பெண்கள் அணிக்கு வருகிறேன். 2022இல் மொரோக்கோவை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று ஆப்பிரிக்கக் கோப்பையைக் கொண்டுவந்தவர்கள் ‘பன்யானா பன்யானா’ எனப்படும் நம் தேசியப் பெண்கள் அணியினர். மறு ஆண்டு உலகக் கோப்பைக்குப் புறப்படும் முன் போட்ஸ்வானாவோடு ஒரு நட்பு ஆட்டம். ஊதியப் பிரச்சினை தீரவில்லை. ஆடுவதற்கு ஒதுக்கியதோ கட்டாந்தரை. காலை உடைத்துக்கொள்ள மாட்டோம் என்று அவர்கள் ஆட மறுத்தார்கள். அவசரமாக வேறொரு அணியைத் திரட்டி இறக்கினார்கள். அதில் பதின்மூன்று வயதுச் சிறுமியும் இருந்தாள். அந்த மறுப்பில் நம் பழைய கூட்டமைப்பின் குரலை நான் கேட்டேன். அதே பெண்கள் அந்த உலகக் கோப்பையில் கடைசிப் பதினாறு அணிகளில் ஒன்றாக முன்னேறினார்கள்.

இனி நம் வாசலுக்கு வருவோம். 2021 ஜூலைக் கலவரத்தின்போது, டர்பனை அடுத்து இந்தியர் மிகுதியாக வாழும் பீனிக்ஸில் நடந்ததை மறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 36 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். எழுபது ஆண்டுக்கு முந்தைய அச்சம் இரண்டு பக்கமும் மீண்டும் தலைதூக்கியது. 1949க்குப் பிறகு நம் பெரியவர்கள் இரண்டு ஆண்டில் ஒரு மேசையைத் தேடிக்கொண்டார்கள். நாம்?

நம் பள்ளிக்குப் பின்னால் உள்ள திடலைப் பாருங்கள். சரிவில் வெட்டிய தரை, கீழ் மூலையில் மழைத் தண்ணீர் தேங்கும். கோல் கம்பத்தின் இரும்புக் குழாயை யாரோ பழைய இரும்புக்கு அறுத்துக்கொண்டு போனார்கள். வெல்டிங் வேலை செய்யும் ஒரு தந்தை வேறு குழாய் ஒட்டிக் கொடுத்தார். வலை இன்னும் இல்லை. சனிக்கிழமை காலையில் ஓடைக்கு அப்பாலுள்ள குடிசைப் பகுதியிலிருந்து ஒரு ஜூலுப் பாட்டி, நாங்கள் ‘கோகோ’ என்று அழைக்கும் அம்மா, ஏழெட்டுப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு வருவார். நம் வீட்டுப் பாட்டிமாரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவித்த சோளத்தைப் பகிர்ந்துகொள்வார். கோல் விழுந்தால் நம் பிள்ளைகளும் ஜூலு மொழியில் ‘லடூமா!’ என்றுதான் கத்துகிறார்கள்.

சிலர் என்னிடம் வந்து, வேலி போட்டுப் பூட்டிவிடலாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். குழாய் திருட்டுப் போன கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் திடலைப் பூட்டும் சாவி நம் கைக்கு வருவதற்காகவா ஜார்ஜ் சிங்கும் பாத்தரும் அலைந்தார்கள்? வேலி வேண்டுமானால் போடுவோம். வாயிற்கதவு எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். பராமரிப்புக் குழுவில் ஓடைக்கு அப்பாலுள்ளவர்களுக்கும் சரிபாதி இடம் கொடுப்போம். பெண் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்குவோம். அவர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சான்றிதழ் பெற்ற பெண் ஒருவர் முன்வந்திருக்கிறார். அவருக்குப் பஸ் கட்டணமாவது நாம் தர வேண்டும்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். குழுவில் சேர விரும்புவோர் பெயரைப் பதிவு செய்யுங்கள். வடிகால் வெட்டும் வேலை அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். கோகோவும் தம் பக்கத்து ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.