பிராக் மெட்ரோ: மூன்று லைன், நடுவில் ஒரு சமோசா

வணக்கம் மக்களே! செக் நாட்டுத் தலைநகர் பிராகில், முசெயும் மெட்ரோ நிலையத்தில் நிற்கிறேன். பின்னால் சுவரைப் பாருங்கள், அலுமினியத் தகடுகள் ஒன்று குழிந்து, ஒன்று புடைத்து, வரிசையாகப் போகின்றன. ஏ லைனில் நகர மையத்து நிலையங்களின் அடையாளமே இதுதான். சரி, மேப்புக்கு வருவோம்.

மொத்தம் மூன்றே லைன். பச்சை ஏ, மஞ்சள் பி, சிவப்பு சி. 1974இல் முதலில் ஓடியது சி. அப்புறம் 1978இல் ஏ, 1985இல் பி. மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பதில்லை. ஏயும் சியும் இங்கே முசெயுமில், ஏயும் பியும் மூஸ்தெக்கில், பியும் சியும் ஃப்ளோரென்ட்ஸில். நடுவில் ஒரு சமோசா, அதன் ஒவ்வொரு முனையிலிருந்தும் இரண்டிரண்டு வால். சோவியத் காலத்துத் திட்டம் இது; கீவ், கார்கிவ் நகரங்களிலும் இதே முக்கோணம்தான்.

இதில் என்ன வசதி என்றால், எங்கிருந்து எங்கே போனாலும் ஒரு முறை வண்டி மாறினால் போதும். எங்கே மாறுவது என்ற குழப்பமும் கிடையாது. ஏயிலிருந்து பிக்குப் போக வேண்டுமா? மூஸ்தெக். வேறு வழியே இல்லை!

சிக்கலும் அங்கேதான். ஏ லைனில் ஸ்கால்கா, சி லைனின் கடைசியில் ஹாயே. இரண்டுமே நகரத்தின் தென்கிழக்கில், சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் மெட்ரோவில் போனால் நகர மையம் வரை வந்து, இங்கே மாறி, மறுபடி அதே திசையில் திரும்ப வேண்டும். சுற்றுப் பாதை ஒன்று போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மாதிரிப் பயணத்துக்குப் பேசாமல் பஸ் பிடியுங்கள்.

இன்னொன்று, முசெயுமிலிருந்து மூஸ்தெக்குக்கு வண்டியே ஏறாதீர்கள். மேலே இருப்பது வென்செஸ்லாஸ் சதுக்கம். அதன் ஒரு தலையில் இந்த நிலையம், மறு தலையில் அது. முக்கால் கிலோமீட்டர், வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்துவிடலாம். எஸ்கலேட்டர் ஆசை இருந்தால் பக்கத்து நிலையமான நாமியெஸ்தீ மீருக்குப் போங்கள். 53 மீட்டர் ஆழம், எஸ்கலேட்டர் மட்டும் 87 மீட்டர் நீளம். நின்றபடியே போனால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

சி லைனில் தெற்கே போனால் நூஸ்லெ பாலம். மேலே கார்கள் ஓடும், மெட்ரோ பாலத்தின் வயிற்றுக்குள் ஓடும். கீழே வீட்டுக் கூரைகள்! ஆனால் உள்ளே இருப்பவருக்குச் சுரங்கம் மாதிரிதான் தெரியும். பாலம் முடிந்ததும் விஷெஹ்ராத் நிலையத்தில் இறங்குங்கள், கண்ணாடிச் சுவர் வழியே ஊர் தெரியும்.

இப்போது டி லைன் கட்டுகிறார்கள், வேலை 2022இல் தொடங்கியது. ஓட்டுநர் இல்லாத வண்டி. பாங்க்ராட்ஸில் சியையும் நாமியெஸ்தீ மீருவில் ஏயையும் தொடும், பியைத் தொடாது. ஆக, டியிலிருந்து பிக்குப் போகிறவர்கள் இரண்டு முறை மாறியாக வேண்டும்.