சதய விழாவில் ஒரு சுவர்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் கும்பகோணம். தஞ்சாவூருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பேருந்துப் பயணம்தான். இருந்தும் பெரிய கோயிலின் சதய விழாவுக்குக் குடும்பத்தோடு போனது 2024-இல்தான். மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், மாமியார், நான்.

ராஜராஜ சோழன் பிறந்தது ஐப்பசி மாதச் சதய நட்சத்திரத்தில். கோயில் வாசலில் கட்டியிருந்த பேனரில் ‘1039-ஆவது சதய விழா’ என்று இருந்தது. மகள் உடனே கழித்துப் பார்த்தாள். “அப்பா, அப்படின்னா 985-ல பிறந்தாரா?” இல்லை, அது அவர் அரியணை ஏறிய ஆண்டு. விழா பிறந்த நட்சத்திரத்துக்கு, எண்ணிக்கை மட்டும் ஆட்சிக்கு வந்த ஆண்டிலிருந்து. விளக்கிச் சொன்னேன். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

யானைமேல் திருமுறை வைத்து ஊர்வலம் வந்தது. ஓதுவார்கள் தேவாரம் பாடி வந்தார்கள். வெளியே நிற்கும் ராஜராஜன் சிலைக்கு மாலைமேல் மாலை. உள்ளே பெருவுடையாருக்குப் பேரபிஷேகம். அந்த நெரிசலில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகுதான். பக்கத்தில் ஒருவர், கருவறைக்கு மேலே உயரும் விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது என்று ஊருக்குப் புதியவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நல்ல மேகமூட்டம். யார் நிழலும் விழவில்லை என்பதால் அவர் தப்பித்தார்.

தூறல் ஆரம்பித்ததும் கூட்டம் திருச்சுற்று மாளிகைக்குள் ஒதுங்கியது. சரி, இதுதான் சமயம் என்று நாங்கள் குடையோடு விமானத்தின் வடபுறம் போனோம். கல்வெட்டு வாசகத்தை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்.

“என்ன மாப்பிள்ளை, ராஜா பிறந்தநாள்னு கூட்டிட்டு வந்து மழையில சுவத்தைக் காட்டுறீங்க?” என்றார் மாமியார்.

மகள் கொஞ்ச நேரத்தில் க, ட, ப என்று சில எழுத்துகளைப் பிடித்துவிட்டாள். புள்ளியே வைக்காமல் வெட்டியிருக்கிறார்கள் என்று குறை சொன்னாள். நான் தாளைப் பார்த்து வாசித்தேன். ‘நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம்பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ எல்லாவற்றையும் கல்லிலே வெட்டச் சொல்லி ராஜராஜன் இட்ட ஆணை. ஆட்சியின் 26-ஆம் ஆண்டு.

அக்கன் என்றால் அக்கா, குந்தவை. பேரரசன் ஆணை பிறப்பிக்கும்போதும் அக்கா அக்காதான். தன் கணக்குக்கு அடுத்தபடியே அவர் கணக்கு. அந்த அக்கா பொன்னும் நகையும் கொடுத்ததோடு, தன் அப்பா அம்மா இருவருக்கும் செப்புத் திருமேனி செய்து இந்தக் கோயிலில் வைத்தார். பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்குக்கூட ‘ஆடவல்லான்’ என்று நடராசர் பெயர்!

கொடுத்தவர்கள் கணக்கு மட்டும் இல்லை, கோயிலில் பணி செய்தவர்கள் கணக்கும் கல்லில் இருக்கிறது. தேவாரம் பாட 48 பேர், கோயில் பணிக்காகத் தளிச்சேரி என்ற குடியிருப்பில் வைக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்கள் 400 பேர் என்று நீளும் கோயில் பட்டியல்களில், அந்தப் பெண்களின் பெயர் வரிசை எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்த வரிசையில், எத்தனையாவது வீடு என்பது வரை போகிறது. தலைவீடு நக்கன் சேரமங்கை என்று வாசித்தபோது, ஏதோ தெருவில் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது எனக்கு. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

மாமியார் நிமிர்ந்து பார்த்தது ஆடுகளின் கணக்கில். ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு இடையர் ஒருவர் பொறுப்பில் 96 ஆடு. பசு என்றால் 48, எருமை என்றால் 16. ஆடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்கின்றன.

“சாகாத ஆடு எங்கேம்மா இருக்கு?” என்றாள் மகள்.

மாமியார் இளம்வயதில் ஆடு வளர்த்தவர். “செத்தா என்ன, குட்டி போடும்ல? எண்ணிக்கை குறையாமப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்” என்றார் யோசிக்காமல்.

அப்புறம் மழை வலுத்தது, கிளம்பிவிட்டோம். பேருந்தில் அவர் விரல்விட்டு ஏதோ எண்ணிக்கொண்டே வந்தார். பாபநாசம் தாண்டும்போது என் பக்கம் திரும்பினார். “பதினாறு எருமை சரியாத்தான் இருக்கு மாப்பிள்ளை. அந்தத் தொண்ணூத்தாறு ஆடுதான் கொஞ்சம் கூடுதலாத் தெரியுது.”