மலையை மண்ணாக்குவது உயிரே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "மலையகப் பாறைகளைப் பெரிதும் சிதைப்பவை வெயிலும் மழையுமா, தாவரங்களும் விலங்குகளுமா?" என்பது இன்றைய தலைப்பு. உயிர்களே என்று வாதாட வந்திருக்கிறது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் நுவரெலியாவின் உறைபனியைச் சான்றாகக் காட்டினார். தை, மாசியில் சில விடியற்காலைகளில் புல்லும் தேயிலைக் கொழுந்தும் வெளுத்துக் கருகுவது உண்மைதான். ஆனால் பாறையைப் பிளக்க வேண்டுமானால் வெடிப்பின் ஆழத்திலுள்ள நீர் உறைய வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலும் நம் குளிர் அவ்வளவு ஆழம் இறங்குவதில்லை.

மழையின் வல்லமையை நான் மறுக்கவில்லை. ஆனால் மொட்டைப் பாறையில் விழும் மழை எவ்வளவு நேரம் தங்குகிறது? வழிந்து ஓடைக்குப் போய்விடுகிறது. அந்த நீரைப் பாறையோடு பிடித்து வைத்து, அமிலமும் ஏற்றிக் கொடுப்பவை உயிர்கள். எங்கள் வாதத்தின் உயிர்நாடி இதுதான்.

முதலில் இலைக்கன். பாறையில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும் அந்தப் படலம், அல்காவும் (பாசி) பங்கசும் (பூஞ்சை) சேர்ந்து வாழும் குடும்பம். பங்கசின் இழைகள் பாறையிலுள்ள கனிம மணிகளுக்கிடையே நுழைகின்றன. ஒட்சாலிக் அமிலத்தைச் சுரக்கின்றன. நனைந்தால் படலம் உப்புகிறது, காய்ந்தால் சுருங்கி, ஒட்டிய துகளையும் இழுத்துப் பெயர்க்கிறது.

அடுத்து வேர். வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 0.04 வீதம். வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால் மண்ணுக்குள் அது 1 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம். அது நீரில் கரைந்து காபோனிக் அமிலமாகிறது. மாத்தளைப் பக்கத்துச் சலவைக்கல் அதில் நேரே கரைகிறது. வரியோடிய கடினமான நைஸ் பாறையிலோ வேலை மெதுவாக, ஆனால் உள்ளிருந்து நடக்கிறது. அதிலுள்ள கனிமங்களில் ஒன்றான கறுப்பு மைக்காவின் தகடுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது பொட்டாசியம். அதை வேர் உறிஞ்சிக்கொள்ள, அந்த இடத்தில் நீர் ஏறித் தகடுகள் உப்புகின்றன. பக்கத்து மணிகள் விலகுகின்றன. பெல்ஸ்பார் என்ற கனிமம் வெண்களியாகிறது. குவார்ட்ஸ் என்ற கனிமம் மட்டும் மணலாக மிஞ்சுகிறது. வீதி வெட்டிய மேடுகளில், பார்வைக்குப் பாறைபோல் வரியோடி, கையால் நசுக்கினால் உதிரும் கல் இப்படிப் பழுத்ததுதான்.

"வேருக்குப் பாறையை உடைக்கும் பலம் ஏது?" என்று கேட்டார்கள். முழுப் பாறையை வேர் உடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். இருக்கும் வெடிப்பைத்தான் அகட்டும். பறவை எச்சத்தில் வந்த ஆல விதை தோட்டத்துக் கற்சுவரில் முளைப்பதைப் பாருங்கள். நூலளவு வேராக நுழைந்து, உள்ளே ஆண்டுதோறும் தடிக்கிறது. மேலே தண்டை மட்டும் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வேர் தடிப்பதும் நிற்காது. விரல் தடிப்புக்கு முன்பே, மழை பெய்து சுவர் ஈரமாயிருக்கையில் வேரோடு பிடுங்கி, இடுக்கைச் சாந்தால் அடைக்க வேண்டும். தாமதித்தால் கல்லையே கழற்றித்தான் எடுக்க முடியும். இதைச் செய்தது வெயிலா?

விலங்குகளின் பங்கு இதைவிடச் சிறிது. கறையானும் மண்புழுவும் பாறையை உடைப்பதில்லை. மண்ணைக் கிளறி, நீரும் காற்றும் கீழேயுள்ள பாறைக்கு இறங்க வழி விடுகின்றன. முள்ளம்பன்றியின் வளையும் அப்படியே.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வி. ஒரே பாறை, ஒரே மழை, ஒரே வெயில். இலைக்கன் படர்ந்த இடத்தைக் கத்தி நுனியால் சுரண்டினால் மணிகள் உதிர்கின்றன. பக்கத்தில் வெறுமையான இடத்தில் கத்திதான் வழுக்குகிறது. ஏன்?